லவோன் நிரப்பிய கட்டம்

லவோன் ஸ்டென்ருட் தன் கணவரை விட்டுப் போகத் தீர்மானித்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் கொடுத்த படிவத்தை இன்னொரு தடவை பார்த்திருப்பேன். பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னால் தயங்குவேன்.

ஜன்னல் செய்யும் ஆலையின் சம்பள அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நானூற்றுப் பத்துப் பேருக்குச் சம்பளம் போடுகிறேன். யார் முதல் மனைவிக்கு மாதாமாதம் அழுகிறான், யாருடைய கூலியைக் கோர்ட் பாதியாக வெட்டியிருக்கிறது, யார் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்துப் படகு வாங்கினான், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது எதையும் வெளியே சொல்ல மாட்டேன். அப்படி வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

லவோனுக்கு மூன்றாவது வரிசையில் வேலை. கண்ணாடி ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுவாள். முப்பத்தோரு வருஷமாக அதையேதான் செய்தாள். ஒல்லியாக, உயரமாக, யார் எதைச் சொன்னாலும் "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்கிறவள். அவளைப் பற்றி ஆலையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே விஷயம், தினமும் காலை ஒன்பதரைக்கு அவளுக்கு வரும் போன்தான்.

"லவோன், உன் ஆளு லைன்ல!" என்று மேஸ்திரி கத்துவான். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்று பேசுவாள்.

"சாப்பிட்டேன். ஆமா, சாண்ட்விச்தான். இல்ல, ஆப்பிளை மட்டும் தின்னுட்டு விடல. போட்டிருக்கேன், ஸ்வெட்டர் போட்டிருக்கேன்."

பக்கத்தில் நிற்கும் பெண்கள் விட மாட்டார்கள். "எங்க வீட்டுக்காரனுக்கு என் பேரே மறந்துபோச்சு. உனக்கு என்னடி குறைச்சல்? கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் போன் பண்ணுறார்!"

"இருக்கட்டும்," என்பாள்.

அவர் பெயர் வெர்லின். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினார். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். பாதிரியார் பிரசங்கத்திலேயே அவரை உதாரணம் சொல்லியிருக்கிறார். தொண்ணூற்றெட்டாம் வருஷம் லவோன் ஓட்டிய கார் ஒரு மானின் மீது மோதியது. மான் செத்தது, விளக்கு உடைந்தது, அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அன்றோடு சாவியை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். ஆலைக்குக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அவர்தான். செருப்பு வாங்கினால் அவர் பொறுக்குவார். ஓட்டலுக்குப் போனால், "அவளுக்குப் பொரிச்ச மீன், சாலடுக்கு வெள்ளை சாஸ்," என்று அவரே சொல்லிவிடுவார். இருபது வருஷத்துக்கு முன்னாலேயே லவோனுக்கு வெள்ளை சாஸ் அலுத்துப்போய்விட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அடிக்கிற புருஷனைப் பற்றிச் சொன்னால் நாலு பேர் உதவிக்கு வருவார்கள். சாலடுக்கு சாஸ் சொல்கிற புருஷனைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன்.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் விருந்தில் வெர்லின் எழுந்து நின்று, மார்ச் கடைசியோடு வேலையிலிருந்து ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். "ஏப்ரல்ல இருந்து இருபத்துநாலு மணி நேரமும் என் வோனி கூடத்தான்!" லவோனை அவர் வோனி என்றுதான் கூப்பிடுவார். எல்லாரும் கை தட்டினோம். லவோனும் தட்டினாள். அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் போய்விடுவது என்று முடிவு செய்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

போவதற்குப் பணம் வேண்டும். அவள் சம்பளம், அவர் சம்பளம் இரண்டும் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வெர்லின் வங்கி மெஷினில் மீன் சாப்பாட்டுக்குப் பணம் எடுப்பார். கூடவே மீதி எவ்வளவு என்று அடித்த துண்டுச் சீட்டையும் எடுத்துவந்து குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவார். அதில் ஐந்து டாலர் குறைந்தாலும் கேட்பார். கோபமாகக் கேட்க மாட்டார். அக்கறையாகக் கேட்பார்.

அவர்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஏரிக்கரையில் மூன்று மரவீடுகள் இருந்தன. நகரத்துக்காரர் ஒருவர் அவற்றைப் பனியில் விளையாட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சனிக்கிழமை சுத்தம் பண்ண ஆள் தேவை என்று மளிகைக் கடைப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தது. பனிக்காலத்துச் சனிக்கிழமைகளில் வெர்லின் விடியற்காலை ஐந்துக்கு லாரி எடுத்தால் சாயங்காலம் நாலுக்குத்தான் திரும்புவார். ஜனவரி முதல் வாரத்திலிருந்து லவோன் போனாள். சனிக்கிழமைக்கு நூற்றைம்பது டாலர். கடைத்தெருவில் உள்ள கூட்டுறவு வங்கியில் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கினாள். ஐம்பத்தேழு வயதில் அவள் பெயர் மட்டும் தனியாக எழுதப்பட்ட முதல் வங்கிக் காகிதம் அதுதான்.

பன்னிரண்டு மைல் தள்ளி அடுத்த ஊரில், நூல்கண்டுக் கடைக்கு மேலே ஓர் அறையும் சமையலறையும் காலியாக இருந்தன. கடைக்காரி பெர்னிஸ் மார்ச் நடுவில் ஒரு திங்கட்கிழமை வரை கெடு கொடுத்திருந்தாள். ஒரு மாத வாடகை, ஒரு மாத முன்பணம், ஆக ஆயிரத்து இருநூற்று நாற்பது. அதற்குள் லவோன் ஒன்பது சனிக்கிழமை வேலை பார்த்திருப்பாள். பணம் சரியாக வந்துவிடும். மரவீட்டுக்காரர் ஒரு நாள், "நான் வரி பிடிக்கல, நீதான் கட்டிக்கணும்," என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் என் பக்கமே வந்திருக்க மாட்டாள்.

பிப்ரவரி கடைசியில் மதிய இடைவேளையில் கதவைத் தட்டினாள்.

"மர்லிஸ், ஒரு சின்ன விஷயம். உனக்கு வேலை இருந்தா அப்புறம் வரேன்."

"உட்காரு."

"இல்ல, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். வெளியில கொஞ்சம் வருமானம் வருது. அதுக்கு வருஷத்துல நாலு தடவை வரி அனுப்பணுமாம். அனுப்பலேன்னா வீட்டுக்குக் கடுதாசி வருமா?"

"வரும்."

அவள் முகம் மாறியது. தபால்பெட்டியைத் திறப்பதும் வெர்லின்தான்.

"அதுக்கு வேற வழி இருக்கு," என்றேன். "இங்க உன் சம்பளத்துல பிடிக்கிற வரியையே கொஞ்சம் கூட்டிப் பிடிக்கச் சொல்லலாம். வெளி வருமானத்துக்கும் அதுலயே சரியாப் போயிடும். யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம்."

"யாருக்கும் தெரியாதா?"

"எனக்கும் கம்ப்யூட்டருக்கும் தெரியும். பேங்க்ல கொஞ்சம் குறைஞ்சு விழும், அவ்வளவுதான்."

"இன்சூரன்ஸ் ஏறிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்," என்றாள், எனக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

யாரிடம் அப்படிச் சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. பிறர் காரியத்தில் மூக்கை நுழைக்காதது எங்கள் ஊருக்குப் பெரிய பெருமை. படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். "நாலாவது பகுதி, கடைசிக் கட்டம். எவ்வளவு கூடுதலாப் பிடிக்கணுமோ அதை எழுது." அதோடு நிறுத்திக்கொண்டேன். வரி விஷயத்தில் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்று தலைமையகம் அனுப்பிய அறிவிப்பு என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது.

நூலகத்தில் செவ்வாய்தோறும் வரிக்கணக்குப் போட்டுத் தரும் பெரியவர், அந்த வருஷம் முழுக்க மரவீட்டு வருமானத்துக்கு ஆகும் வரி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்த வருஷத்தில் இன்னும் இருபத்திரண்டு சம்பளம் பாக்கி. ஒரு சம்பளத்துக்குத் தொண்ணூறு டாலர் பிடித்தால் போதும். கட்டத்தில் தொண்ணூறு என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு மேலே, "ஒவ்வொரு சம்பளத்திலும்" என்று எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும். லவோன் அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல், 1980 என்று எழுதிக் கொண்டுவந்தாள்.

எனக்கு அது கண்ணில் பட்டது. படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவள் கைக்குப் போவதே ஆயிரத்து நூற்றுச் சொச்சம்தானே என்று ஒரு கணம் விரல் நின்றது. என்னமோ காரணம் இருக்கும், நமக்கென்ன என்று நினைத்தேன். அடித்தேன். சேமித்தேன். அடுத்த படிவத்தை எடுத்தேன்.

சம்பள வெள்ளி காலை ஒன்பதே காலுக்கு அவள் வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. கையில் போன் இருந்தது.

"மர்லிஸ், எனக்குச் சம்பளம் வரலையே. ஸைபர்னு காட்டுது."

பார்த்தேன். காப்பீடு போக, ஓய்வூதியம் போக, வழக்கமான வரி போக, மிச்சமிருந்த அத்தனையையும் கம்ப்யூட்டர் கூடுதல் வரியாகச் சுருட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் அது கேட்ட தொகை கிடைக்காததால் பாக்கி என்று சிவப்பில் காட்டியது.

"நீ வருஷத்துக்கு எழுதிட்ட. அது ஒரு சம்பளத்துக்கு எழுத வேண்டிய கட்டம்."

"சரி," என்றாள். "திருப்பிக் கொடுத்துடு."

தலைமையகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவன் சின்ன வயசுக்காரன் போல. "அந்தம்மா கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்திருக்காங்க? கட்டின வரி கட்டினதுதான். அடுத்த சம்பளத்துல மாத்திக்கலாம். இது அடுத்த வருஷம் கணக்குக் காட்டும்போது திரும்பி வந்துடும். ஒண்ணும் நஷ்டமில்லையே!" என்று சிரித்தான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவளும் கேட்டாள்.

"நாலு மணிக்கு மெஷினுக்குப் போவார்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதே நேரத்தில் மேஸ்திரி கதவருகில் வந்து நின்றான். "லவோன், உன் ஆளு லைன்ல."

என் மேஜைப் போனிலேயே எடுத்தாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "சாப்பிட்டேன். ஆமா. இல்ல, குளிரல. வந்துடுச்சு, சம்பளம் வந்துடுச்சு. சரி, நாலரைக்கு." வைத்துவிட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷமாக இந்தக் குரலில்தான் பதில் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாலு மணிக்குள் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் கட்டிவிட வேண்டும் என்றாள்; மதியம் அவளை என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்குத்தான் சாவி இல்லையே. கூட்டுறவு வங்கிக்குப் போகிற வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னாள்: மரவீடு, நூல்கண்டுக் கடை, திங்கட்கிழமை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அவர் கெட்டவர் இல்ல மர்லிஸ். அதுதான் கஷ்டம். கெட்டவரா இருந்தா என்னிக்கோ போயிருப்பேன். நான் எழுந்து தண்ணி குடிக்கப் போனாக்கூட, 'எங்க போற வோனி?'ன்னு கேட்பார். சமையலறைக்குத்தான்னு சொல்லணும். தினமும் சொல்லணும். மூச்சு முட்டுது."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "என்கிட்ட இருக்கு. நான் தரேன். அறைக்குச் சேர்த்த பணத்தைத் தொடாத," என்றேன்.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்."

"எடுத்துக்கோ லவோன். எப்ப முடியுமோ அப்பக் கொடு."

"இல்ல, இல்ல, இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

எங்கள் ஊரில் ஒரு துண்டு கேக் கொடுத்தால்கூட முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான், "உனக்குச் சிரமம் இல்லேன்னா..." என்று கை நீட்டுவார்கள். முதல் தடவையே வாங்குகிறவனை அலைகிறவன் என்போம்; இரண்டு தடவையோடு நிறுத்துகிறவனை, கொடுக்க மனமில்லாதவன் என்போம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். லவோன் இரண்டு தடவை வேண்டாம் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காத்திருந்தாள். அவள் கை மடியில் லேசாகத் திறந்திருந்தது.

என் வீட்டிலும் கணக்கு ஒன்றுதான். ஆயிரத்து நூறு எங்கே போச்சு என்று என் வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன். அதை வீட்டில் பேசி, விளக்கி, லவோன் குடும்பம் பிரிவதற்கு நான் காரணம் என்ற பேரை வாங்கி... அந்த யோசனை முடிவதற்குள் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் வண்டியைக் கிளப்பினேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

கூட்டுறவு வங்கியில் அவள் ஆயிரத்துத் தொண்ணூறு டாலர் எடுத்தாள். தெருக்கோடியில் இருக்கும் மற்ற வங்கிக்கு நடந்துபோய், இரண்டு பேர் பெயரிலும் உள்ள கணக்கில் கட்டினாள். சம்பளத்தில் வழக்கமாக விழுவதற்குத் தொண்ணூறு குறைவு. அதற்குத்தான் இன்சூரன்ஸ் கதை தயாராக இருந்ததே. நாலு மணிக்கு வெர்லின் துண்டுச் சீட்டை எடுத்தார். "ஏன் குறையுது?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "இந்த இன்சூரன்ஸ்காரங்க நம்மளை உரிச்சுத் தின்னுடுவாங்க," என்று சொல்லிவிட்டு அவளுக்கும் சேர்த்து மீன் வாங்கினார்.

திங்கட்கிழமை பெர்னிஸ் அந்த அறையை ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் பனி உருகியது. மே வரை மரவீடுகளுக்கு ஆள் வரத்து இல்லை. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வெர்லின் லாரிச் சாவியை ஒப்படைத்தார். ஏப்ரலிலிருந்து அவள் எங்கேயும் தனியாகப் போகவில்லை. காலையில் ஆலை வாசலில் விட்டால் பல நாள் அங்கேயே காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒன்பதரை போன் நின்றுபோனது. அதற்குப் பதிலாக அவரே உள்ளே வந்து மேஸ்திரியிடம் விசாரித்துவிட்டுப் போவார். லவோன் என்னிடம் புதுப் படிவம் கொடுத்தாள். கூடுதல் வரி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். என்னோடு பேசுவதை அவள் நிறுத்தவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வழியில் பார்த்தால், "மர்லிஸ், உன் முட்டிவலி எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நோன்பில், சர்ச் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் எதிரே வெர்லின். பக்கத்தில் லவோன். மறைந்துகொள்ளத் தூண்கூட இல்லை.

"மர்லிஸ்! உனக்குத்தான் நான் நன்றி சொல்லணும்!" என்று என் தோளைத் தட்டினார்.

"எதுக்கு?"

"வரிக்கணக்குப் போட உட்கார்ந்தேன். பார்த்தா, இவ சம்பளத்துல ஒரு தடவை ஏகப்பட்டது பிடிச்சிருக்கு. என்ன வோனி இதுன்னு கேட்டேன். அப்புறம்தான் சொல்றா. போன வருஷம் குளிர்ல, நான் லாரியில போயிருக்கிற நேரமாப் பார்த்து, ஏரிக்கரை வீடுங்களைப் போய்க் கூட்டிப் பெருக்கியிருக்கா! அந்தக் காசு அத்தனையையும் எடுத்து நம்ம கணக்குல போட்டிருக்கா! ஒரு வார்த்தை சொல்லல! நீ அந்த வரியைப் பிடிச்சதாலதான் எனக்கே தெரிஞ்சுது!" அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது. "எனக்கு எப்பேர்ப்பட்ட பொண்டாட்டி கிடைச்சிருக்கா பார். ரிட்டயர் ஆகப்போறேனேன்னு எனக்காக உழைச்சிருக்கா."

சுற்றி நின்றவர்கள் "அடடா" என்றார்கள். ஒருத்தி லவோனைக் கட்டிப்பிடித்தாள். லவோன் தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

"வரி ஆபீஸ்ல இருந்து திரும்பி வந்ததுல எண்ணூத்துச் சொச்சம் மிச்சம். பைசா விடாம இவளுக்கே செலவு பண்ணிட்டேன்," என்றார் வெர்லின். "என்கிட்ட ஒரு சாய்வு சேர் இருக்குல்ல? அதே மாதிரி, அதே நிறத்துல, இவளுக்கும் ஒண்ணு. என் சேருக்குப் பக்கத்துல போட்டிருக்கேன். நடுவுல ஒரு சின்ன மேஜை. சாயங்காலம் ஆச்சுன்னா ரெண்டு பேரும் அங்கதான். இரு வோனி, உனக்குக் காப்பி எடுத்துட்டு வரேன்."

அவர் வரிசைக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவள் தட்டில் பொரித்த மீனும் வெள்ளை சாஸும் இருந்தன.

"ஏன் லவோன் அப்படிச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லல மர்லிஸ். வீடு கூட்டினேன், காசைக் கணக்குல போட்டேன்னு மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை அவரே சொல்லிக்கிட்டு அழுதுட்டார். அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது?"

என்னவாவது கேட்க வேண்டுமே என்று, "சேர் எப்படி இருக்கு?" என்றேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. மெத்துனு இருக்கு." அவள் வரிசையில் நிற்கும் அவர் முதுகைப் பார்த்தாள். "சாய்ஞ்சுட்டா நிமித்துறதுக்குப் பக்கத்துல ஒரு பிடி இருக்கும்ல, அது ரொம்ப இறுக்கம். எனக்கு இழுக்க வரல. நான் எந்திரிக்கணும்னா அவர் எந்திரிச்சு வந்து இழுத்துவிடணும்."